நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை: பாகங்களாக வாங்கிக் கோத்த பேஸ் கிட்டார்

பாடியை (உடற்பகுதி) ஒருவரிடமும் நெக்கை (விரல் பதித்து வாசிக்கும் கழுத்துப்பகுதி) வேறொருவரிடமும் வாங்கி, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), ட்யூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தப் பாகம்) ஆகியவற்றை அங்கங்கே தேடிச் சேர்த்து நான் கோத்த நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் இப்போது சுருதி நிற்கிறது; ஆம்ப்ளிஃபயரில் இரைச்சலில்லாமல் ஒலிக்கிறது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த பிக்கப், எந்த மரம் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அவை இரண்டும் பின்னால் வர வேண்டிய கேள்விகள். தலைப்பகுதிக்கு அருகே கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான நட்டிலிருந்து கிளம்பும் நான்கு கம்பிகளும் நெக்கின் நடுவே ஓடி, பிக்கப்பின் காந்தங்களுக்கு மேலாகக் கடந்து, பிரிட்ஜில் விழ வேண்டிய இடத்தில் விழுகின்றனவா என்பதே முதற்கேள்வி. விற்பவர் எல்லோரும் ‘ஸ்டாண்டர்ட் சைஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் அது பொய்யுமில்லை. இரண்டு பாகங்களைச் சேர்த்து வைக்கும்போதுதான் ஒருவருடைய ஸ்டாண்டர்டுக்கும் மற்றவருடைய ஸ்டாண்டர்டுக்கும் இடையில் அரை நூல் சந்து தெரிகிறது.

எடுத்துக்கொண்ட மாதிரி பிரசிஷன் பேஸ். அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே நெக்கைப் பாடியோடு பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகுகளால் இறுக்கினார். பாகம் பாகமாக வாங்கிக் கோக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அந்த நான்கு திருகுகளே வழிசெய்தன எனலாம். 1957இல் அதற்கு வந்த, இரண்டாகப் பிரிந்த பிக்கப் வேலையை இன்னும் எளிதாக்குகிறது: இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, எதிரெதிர் காந்த முனைகளோடு தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் வீட்டு மின்சாரத்தின் ஹம் ஒலி அங்கேயே கழிந்துவிடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள் உள்ளன. ஒன்றை மட்டும் திறந்து வாசித்தால் ஹம் கேட்கும். முதன்முறை செய்பவருக்கு ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன் போதுமானது.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகோகனியில் கடைந்த பாடி 6,500 ரூபாய், 20 ஃப்ரெட் (ஸ்வர இடங்களைக் குறிக்கும் உலோகக் குறுக்குக்கட்டு) கொண்ட மேப்பிள் நெக், சுங்க வரியும் சேர்த்து 9,800, பிக்கப் 3,200, ட்யூனர் நான்கும் 2,600, பிரிட்ஜ் 1,450, முகப்புத் தகடு 900, குமிழ்கள், ஜாக், கெப்பாசிட்டர், ஒயர், செப்புத்தாள் எல்லாம் 850, எலும்பு நட் 250, கம்பிகள் 1,900, பாலிஷ் சாமான்கள் 700, நெக் தகடும் திருகுகளும் 400. மொத்தம் 28,550 ரூபாய். இந்தப் பணத்துக்குக் கடையில் புதிய பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு அன்று மாலையே வாசிக்கலாம் என்பதில் ஐயமில்லை. மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். நெக்கின் பருமனையும் நட்டின் அகலத்தையும் நம் கைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதுதான் இதில் உண்மையான ஆதாயம். பழைய பிரசிஷன் நெக்குகளில் நட்டின் அகலம் 44.5 மி.மீ. வரை வருவதுண்டு, என் விரல்களுக்கு அது அதிகம் என்பதால் 41.3 மி.மீ. உள்ளதையே தேடி எடுத்தேன்.

கருவிகளில் முக்கியமானது வெர்னியர் காலிப்பர். அதற்கு அடுத்தது மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ். இசைக்கருவிக் கடையில் தேடாமல் சென்னை ஜி.பி. ரோட்டில் வாகன உதிரிபாகக் கடையில் கேட்டால், மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும் அதே தகடுக்கட்டு 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இவற்றோடு டிரில், ஒரு சாண் நீளமுள்ள 3 மி.மீ. டிரில் பிட், உளி, உப்புத்தாள், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் ஆகியவை இருந்தால் போதும்.

பாகங்கள் வந்ததும் எதையும் எதனோடும் சேர்க்காமல் அளவெடுத்தேன். பாடியின் கனம் 44.5 மி.மீ., நெக் உட்காரும் குழியின் ஆழம் 16 மி.மீ.; இரண்டும் சரி. ட்யூனர் துளைகள் 17.5 மி.மீ.; இதைப் பார்த்துத்தான் பழைய மாதிரிப் பெரிய ட்யூனர்களை வாங்கியிருந்தேன். இன்றைய சிறிய ட்யூனர்கள் பலவற்றுக்கு 14 மி.மீ. துளை வேண்டும், பெரிய துளையில் சிறியதை மாட்டினால் இடையில் வளையம் தேட வேண்டியிருக்கும், சிறிய துளையைப் பெரிதாக்கப் போனால் தலைப்பகுதியின் மரம் சிலும்பு எடுக்கும். பாடியின் குழி 64 மி.மீ. அகலம் இருந்தது, அதில் உட்கார வேண்டிய நெக்கின் அடிப்பகுதியோ 62.3 மி.மீ.தான்.

1.7 மி.மீ. சந்து பெரிதாகத் தோன்றாது. ஆனால் குழியின் நீளம் 95 மி.மீ. அளவே, அதற்குள் நெக் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் 1.7 மி.மீ. சாயுமானால், அங்கிருந்து 260 மி.மீ. தள்ளி, பிரிட்ஜில் கம்பி அமரும் சாடிலில் கம்பியின் கோடு நாலரை மி.மீ. விலகிவிடும். மறுமுனையில் தலைப்பகுதி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆடும். நான்கு திருகுகளை இறுக்கிவிட்டால் நெக் அசையாது என்பது உண்மையே. எந்த இடத்தில் அசையாமல் நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

இதைத் தீர்க்கத் தச்சர் வழியையே கையாண்டேன். நெக்கைக் குழியில் வைத்து, அடியில் மரத்துண்டு கொடுத்து, கிளாம்பால் லேசாகப் பிடித்தேன். நட்டில் மிகத் தடித்த ‘இ’ கம்பியும் மிக மெல்லிய ‘ஜி’ கம்பியும் உட்காரும் இரண்டு வெட்டுகளிலிருந்து வெள்ளைத் தையல் நூல் இரண்டை இழுத்து, பாடியின் கடைசிவரை கொண்டுபோய், பிரிட்ஜ் சாடில்களின் அகலத்துக்கு ஏற்ப, அதாவது அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 19 மி.மீ. என்ற கணக்கில், முதலுக்கும் கடைசிக்கும் 57 மி.மீ. வைத்து ஒட்டினேன். பிக்கப் குழியின் நடுக்கோடும் நெக்கின் நடுக்கோடும் ஒன்றாகும்வரை நெக்கை நகர்த்திக்கொண்டே வந்து, ஒன்றான இடத்தில் கிளாம்பை இறுக்கினேன். அந்த நிலையில், கடைசி ஃப்ரெட்டில் நூலுக்கும் நெக் விளிம்புக்கும் இடையே இரு பக்கமும் ஒரே அளவு இருந்தது. பிறகு பாடியில் விற்பனையாளரே போட்டு அனுப்பியிருந்த பிரிட்ஜ் துளைகளின் மேல் பிரிட்ஜை வைத்து நூலை அதன் சாடில்களுக்கு மாற்றிக் கட்டிப் பார்த்தபோது, அது ‘ஜி’ பக்கம் 1.7 மி.மீ. குறைந்து, ‘இ’ பக்கம் அதே அளவு கூடிப்போனது. அந்தத் துளைகள் நடுக்கோட்டிலிருந்து 2.5 மி.மீ. விலகி இருந்தன. அப்படிக் குறுகிய விளிம்பில் ‘ஜி’ கம்பியை விரலால் இழுத்து வாசித்தால் அது ஃப்ரெட்டின் ஓரத்தைத் தாண்டிக் கீழே விழக்கூடும்.

இரண்டு வழிகள் இருந்தன. சந்து இருக்கிறதே என்று நெக்கைச் சாய்த்து, துளைகள் இருக்கும் இடத்துக்கே கம்பிகளைக் கொண்டுபோகலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்போது நெக் பாடிக்குக் கோணலாக நிற்கும், கம்பிகள் பிக்கப்பின் காந்தங்களை விட்டு விலகிப் போகும். நான் நெக்கை நேராகவே வைத்துக்கொண்டு பிரிட்ஜை நகர்த்தினேன். பிளைவுட் கடையில் கிடைக்கும் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை உப்புத்தாளில் தேய்த்துப் பதமாக்கிக் குழியின் இரு பக்கச் சுவரிலும் ஃபெவிகாலால் ஒட்டியதும், நெக் கையால் அழுத்தினால் மட்டும் இறங்கும் அளவுக்கு இறுக்கமானது. பழைய பிரிட்ஜ் துளைகளை 8 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, தேக்கில் உருட்டிய குச்சிகளைப் பசையோடு அடித்து ஏற்றி, மறுநாள் உளியால் மட்டம் செதுக்கினேன். 2.5 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டால் பிட் பழைய துளைக்குள்ளேயே வழுக்கி இறங்கும் என்பதால் இந்த அடைப்பு தேவைப்பட்டது. நான்கு கம்பிகளும் சேர்ந்து 80 கிலோ அளவுக்கு இழுக்கும் இடத்தில் தீக்குச்சியும் மரத்தூளும் வைத்து அடைப்பதை நான் ஏற்கவில்லை.

நீளத்துக்கு வருவோம். இதன் ஸ்கேல் (நட்டிலிருந்து சாடில்வரை கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. அளவு நாடாவின் தொடக்கக் கொக்கி சற்று ஆடும் என்பதால் அதை நம்பாமல், ஸ்டீல் ஸ்கேலால் நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் நடு உச்சிவரை அளந்தேன். 432 மி.மீ. காட்டியது, அதே தூரத்தை அங்கிருந்து மறுபடி வைத்தால் சாடில் நிற்க வேண்டிய கோடு கிடைக்கிறது. ‘ஜி’ சாடிலை அதன் ஓட்டத்தில் முன்பக்கமாக, 2 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்துத் தள்ளி, அந்தக் கோட்டில் உட்கார வைத்தேன். தடித்த கம்பிகளுக்குச் சாடில் பின்னால்தான் போகுமே தவிர முன்னால் வராது. இடத்தை எல்லாம் பின்பக்கம் விட்டுவைக்க வேண்டும். கடைசியில் என் ‘இ’ சாடில் ‘ஜி’யை விட 5 மி.மீ. பின்னால் போய் நின்றது.

நெக் திருகுகள் 45 மி.மீ. நீளம். குழிக்கு அடியில் மிஞ்சும் மரம் 28.5 மி.மீ., நெக் தகடு 2 மி.மீ.; ஆக நெக்குக்குள் இறங்குவது 14.5 மி.மீ. பாடியில் திருகு தாராளமாக நுழையும்படி 4.5 மி.மீ. துளையும், மேப்பிளில் 3.2 மி.மீ. துளையும் போட வேண்டும். பாடித் துளையிலும் திருகின் மறை பிடித்துக்கொண்டால், எவ்வளவு முறுக்கினாலும் பாடிக்கும் நெக்குக்கும் இடையே காகிதம் நுழையும் அளவு இடைவெளி நின்றுவிடும். டிரில் பிட்டில் 15 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டேன். அது இல்லாமல் ஃப்ரெட்போர்டைத் துளைத்து வெளியே வந்த கதைகள் ஏராளம். திருகின் மறையில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஏற்றினால் கடினமான மேப்பிளிலும் வழுக்கிப் போகிறது. சோப்புத் தேய்ப்பாரும் உண்டு. சோப்பு ஈரத்தை இழுக்கும், சென்னையில் அது துருவுக்கு வழி.

எல்லாத் துளைகளும் போட்டு, கம்பிகளையும் ஒருமுறை கட்டிப் பார்த்த பிறகுதான் பிரித்து பாலிஷில் இறங்கினேன். 180, 240, 320 என்று உப்புத்தாள்களால் தேய்த்து, மகோகனியின் கண்களை மக்கு வைத்து அடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். அரக்குக்கு ஈரக்காற்று ஆகாது. மழை பெய்யும் நாளில் பூசினால் மேலே வெண்மேகம் படியும், உலர்ந்த நாளில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஸ்டீல் வூலால் மெருகேற்றுவதென்றால் பிக்கப் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

மின்வேலைக்கான பொருட்களை ரிட்சி தெருவில் வாங்கினேன். பிக்கப்பின் மின்தடை 10.6 கிலோ ஓம் என்று மீட்டர் காட்டியது; இந்த வகைக்கு அது இயல்பானது. வால்யூமுக்கும் டோனுக்கும் 250 கிலோ ஓம் குமிழ் தேவை. பின்புறம் பி250கே என்று அச்சிட்டது எளிதில் கிடைக்கும், ஏ250கே கிடைப்பது அரிது. இரண்டும் அளவில் ஒன்றுதானே என்று கடைக்காரர் சொல்வார். பி என்பது நேர்விகிதத்தில் மாறுவது. அதை வால்யூமில் வைத்தால் பத்திலிருந்து மூன்றுவரை திருப்பினாலும் ஒலி குறைவது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, பிறகு சட்டென்று இறங்கிவிடும். ஒலிக்கென்றே உள்ள ஏ வகையைத் தேடி வாங்கியது வீண்போகவில்லை. டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மேலே 473 என்று எழுதியிருக்கும், ஐந்து ரூபாய். பழைய காலத்து எண்ணெய்க் கெப்பாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவோர் இருக்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தால் இந்தச் சிறிய மின்னழுத்தத்தில் எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை.

குழிகளின் சுவரிலும் முகப்புத் தகட்டின் அடியிலும் செப்புத்தாளை ஒட்டி, தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் சால்டர் பொட்டு வைத்தேன். நீளமான பிட்டால் கட்டுப்பாட்டுக் குழியிலிருந்து பிரிட்ஜின் அடிக்குச் சாய்வாகத் துளை போட்டு, முனை உரித்த ஒயரை விட்டு, பிரிட்ஜை அதன்மேல் இறுக்கினேன். குமிழின் முதுகில் ஒயர் பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதாது. உலோகம் சூட்டை விழுங்கிக்கொண்டே இருக்க, சால்டர் கோலிக்குண்டாகத் திரண்டு நிற்கும், இழுத்தால் உதிரும். முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு 60 வாட் அயர்னை மூன்று எண்ணும்வரை வைத்தபோது சால்டர் பளபளவென்று பரவி உட்கார்ந்தது. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிமுனைக்கும் இடையே மீட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் தரை இணைப்பு சரி. அப்படியும் சற்றே இரைந்தது. ஆம்ப்ளிஃபயரைச் செருகிய சுவர்ப் பெட்டியில் எர்த் இல்லை. எர்த் உள்ள பெட்டிக்கு மாற்றியதும் அடங்கியது. கிட்டாரைத் திரும்பப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நட்டின் வெட்டுகளுக்கென்று விற்கும் அரங்கள் இந்த கிட்டாரின் பிக்கப்பை விட விலை அதிகம். வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் கம்பி அரக்கட்டு 120 ரூபாய். மெல்லிய இரண்டு வெட்டுகளுக்கு அதுவே போதும். தடித்தவற்றுக்கு, அடுத்த மெல்லிய பழைய கம்பியின் மேல் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி இழுத்தேன்: ‘ஏ’ வெட்டுக்கு ‘டி’ கம்பி, ‘இ’ வெட்டுக்கு ‘ஏ’ கம்பி. தலைப்பகுதியை நோக்கிச் சற்றுச் சரிவாகத் தேய்க்க வேண்டும். மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்கையில், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் போகும் அளவு வெளிச்சம் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

45, 65, 85, 105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்ட பருமன்) கம்பிகளைக் கட்டிச் சுருதி சேர்த்து, நெக் அந்த இழுவைக்குப் பழக ஓர் இரவு விட்டு, பிறகு செட்டப். ‘இ’ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால் எட்டாவது ஃப்ரெட்டில் 0.3 மி.மீ. தகடு உரசிக்கொண்டு போக வேண்டும்; என்னுடையது 0.6 காட்டியது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று வலப்புறம் திருப்பி, சுருதி சேர்த்து, காத்திருந்து அளந்து, மறுபடி அரைக்கால் சுற்றுத் திருப்பியதும் 0.3க்கு வந்தது. அடுத்து 17ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்: ‘இ’ பக்கம் 2.4 மி.மீ., ‘ஜி’ பக்கம் 2 மி.மீ. என்பது இலக்கு. சாடில்களை அடிமட்டம்வரை இறக்கியும் 3 மி.மீ.க்குக் கீழே வரவில்லை. குழியின் உட்கோடியில், பிரிட்ஜ் பக்கமாக, அரை மி.மீ. கனம் வரும்படி ஆப்பு வடிவில் தேய்த்த வெனீர் துண்டை முழு அகலத்துக்கும் கொடுத்தேன். இந்த அரை மி.மீ. சாடிலின் இடத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. ஆகப் பெருகுகிறது, சாடில்களை உயர்த்தித்தான் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. விசிட்டிங் கார்டை மடித்து வைப்பவர்களும் உண்டு. துண்டு சிறிதாக இருந்தால் மீதி இடம் வெற்றிடமாக நிற்கும், நாளடைவில் நெக்கின் அடி அங்கே வளையக்கூடும்.

கடைசியாக 12ஆவது ஃப்ரெட் சுருதி. அங்கே அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் திறந்த கம்பியின் மேல்ஸ்தாயி ஸ்வரத்தை விடக் கூடுதலாக ஒலித்தால் சாடில் பின்னால், குறைவாக ஒலித்தால் முன்னால். இதைப் புதுக் கம்பியில்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை பாடியை பிரிட்ஜ் துளைகள் போடாமல் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவேன். நெக்கை முதலில் வாங்கி, அதன் அடி அகலத்தை அளந்து சொல்லி, அதற்குப் பொருந்தும் குழியுள்ள பாடியைத் தேடுவேன். ட்யூனர்களையும் எடை குறைந்தவையாக மாற்ற எண்ணியிருந்தேன். 4.3 கிலோ எடையில் பாரம் பிரச்சினையில்லை, ஆனால் தோளில் மாட்டிக் கையை விட்டால் தலைப்பகுதி தரையை நோக்கி இறங்குகிறது. அந்த எண்ணத்தை நிறுத்திவைத்ததற்குக் காரணம் ‘ஜி’ கம்பி. திருகு நெக் கொண்ட பேஸ்களில் ‘ஜி’ கம்பியின் 5, 6, 7ஆவது ஃப்ரெட்டுகளில் எங்காவது ஒரு ஸ்வரம் நீளாமல் அமுங்கிப்போவது பரவலாகத் தெரிந்த குறை. அந்த அதிர்வெண்ணில் நெக்கே சேர்ந்து அதிர்ந்து கம்பியின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. என்னுடையதில் அது ஆறாவது ஃப்ரெட்டில், லேசாக. தலைப்பகுதியில் துணி வைத்துச் சிறிய ‘சி’ கிளாம்ப் ஒன்றை மாட்டியதும் அந்த அமுக்கம் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு இறங்கியது. எடை கூடினால் இறங்குகிறது என்றால், எடை குறைந்தால் ஏழாவதுக்கு ஏறும். நான் ஓயாமல் போய் நிற்கும் இடம் அந்த ஏழாவது ஃப்ரெட். ஆகவே கனமான ட்யூனர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தோள்பட்டையை மட்டும் மாற்றினேன்: நான்கு விரல்கடை அகலத்தில், உட்புறம் சொரசொரப்பாக விட்ட தோல்பட்டை, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அடித்தது, 450 ரூபாய். சட்டையை அது பிடித்துக்கொள்வதால் தலை இறங்குவதில்லை.